திரும்பி வரும் சரக்கு: இணைய விற்பனையில் வாங்குபவரின் நேர்மையும் சிறு விற்பனையாளரின் நட்டமும்

விற்ற சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வது எல்லாச் சரக்குக்கும் ஒரே மாதிரி இயலக்கூடியதன்று என்பதை விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உருவாகும் மூன்று பொருள்களை வைத்தே விளக்கிவிடலாம். இராஜபாளையத்துக்குத் தெற்கே தளவாய்புரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தைக்கப்படும் நைட்டி, பிரித்துப் பார்த்து மடித்து வைக்கப்பட்டிருந்தால் மறுபடியும் விற்கக்கூடியது; உடுத்தித் துவைத்துவிட்டால் அது பழந்துணி. சத்திரப்பட்டியின் விசைத்தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி, தூய்மை செய்து உறையிலிட்டு விற்கப்படும்போது, உறை கிழிந்த கணமே தன் மருத்துவப் பயனை இழந்துவிடுவது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவோ, 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதானாலும், பாலும் சர்க்கரையும் மட்டுமே சேர்ந்த இனிப்பு என்பதால் சில நாள்களே தாங்கும். வாங்கியவர் அதைத் திருப்பி அனுப்பினால் வந்து சேர்வது சரக்கன்று, கழிவு. இம்மூன்றும் இன்று கைபேசி வழியாக நாட்டின் எந்த மூலைக்கும் விற்கப்படுகின்றன. இம்மூன்றின் திருப்புதலுக்கும் தனித்தனி எல்லையைச் சட்டம் வரையவில்லை என்பதிலிருந்துதான் இக்கட்டுரை ஆராயும் சிக்கல் தொடங்குகிறது.

சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்வது நலம். பலர் விற்கவும் பலர் வாங்கவும் இடம் அமைத்துக் கொடுத்து, தான் எதையும் வாங்காமலும் விற்காமலும் இருக்கும் நிறுவனம் இங்கே ‘தளம்’ எனப்படுகிறது. வாங்கியவர் பெற்றுக்கொண்ட பிறகு திருப்பி அனுப்பும் சரக்கு வணிகர் வழக்கில் ‘ரிட்டர்ன்’. வாசல்வரை சென்றும் பெற்றுக்கொள்ளப்படாமல் புறப்பட்ட இடத்துக்கே மீளும் சரக்கு ‘ஆர்.டி.ஓ.’, வாங்கியவருக்குத் திரும்பத் தரப்படும் பணம் ‘ரீஃபண்ட்’, அந்த ரீஃபண்டை எதிர்த்து விற்பனையாளர் தளத்திடம் இழப்பீடு கேட்பது ‘கிளெய்ம்’. இவற்றுள் நேர்மையின்மை எங்கே புகுகிறது என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. பொட்டலம் கட்டப்பட்டதை வாங்குபவர் பார்க்கவில்லை. அது பிரிக்கப்பட்டதை விற்பவர் பார்க்கவில்லை. இடையில் சுமந்து சென்றவர் உள்ளே என்ன இருந்தது என்பதை அறியார். கடைவீதியில் துணியைக் கையில் வாங்கிப் பிரித்துப் பார்த்துப் பணம் கொடுக்கும் ஒரே செயல், இங்கே மூன்று இடங்களில், மூன்று நாள்களில், மூவரால் செய்யப்படுகிறது.

இந்தப் பிளவு இணையத்தோடு பிறந்ததன்று. பொருளை ஒப்படைக்கும்போதே விலையைப் பெற்று அனுப்பியவருக்குச் சேர்ப்பிக்கும் வி.பி.பி. முறையை இந்திய அஞ்சல் துறை 1877ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. புத்தகங்களும் மருந்துகளும் கடிகாரங்களும் சிற்றூர்களுக்கு வந்து சேர்ந்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. 1898ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம், உண்மையான கோரிக்கையின் பேரில்தான் இப்பொருள் அனுப்பப்படுகிறது என்று அனுப்புபவர் உறுதி கூற வேண்டும் என விதிக்க இடம் தந்தது. கேட்காதவருக்குப் பொட்டலம் அனுப்பிப் பணம் பறிப்பவர்களே அக்காலச் சட்டத்தின் கவலை. கேட்டுவிட்டு வாங்க மறுப்பவரை அது கண்டுகொள்ளவில்லை. அப்படித் திரும்பிய பொட்டலத்துக்காக முன்கூட்டியே செலுத்திய அஞ்சல் செலவு அனுப்பியவரின் நட்டமாகவே நின்றது. விற்பவரை ஐயுறுவதும் வாங்குபவரை நம்புவதும் என்ற இச்சாய்வு, அக்காலத்தில் நியாயமானதே, பின்வந்த சட்டங்களிலும் தொடர்ந்தது.

2010ஆம் ஆண்டில் ஃபிளிப்கார்ட் நிறுவனம் ‘பொருள் வந்த பின் பணம்’ என்னும் முறையைக் கொண்டுவந்தபோது, அட்டை இல்லாதவர்களும் இணையத்தில் முன்பணம் செலுத்த அஞ்சியவர்களும் ஒரே நாளில் வாடிக்கையாளர் ஆனார்கள். விலைமலிவான உடைகளுக்கு இன்றும் இம்முறைதான் பெரிய துணை. அதன் நிழலாக வளர்ந்ததே ஆர்.டி.ஓ. விளையாட்டாகக் கோரிக்கை இட்டவர், மனம் மாறியவர், அதே நைட்டியை வேறிடத்தில் இருபது ரூபாய் குறைவாகக் கண்டவர், உண்மையாகவே வெளியூர் சென்றுவிட்டவர் எல்லாரும் இதில் ஒரே கணக்கில் விழுகிறார்கள். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தைப் புரட்டினால், நியாயமான காலத்துக்குள் சரக்கைப் பெற்றுக்கொள்ளாத வாங்குபவர் அதனால் விளையும் இழப்புக்குப் பொறுப்பாவார் என்று 44ஆம் பிரிவும், தவறாக ஏற்க மறுப்பவர்மேல் இழப்பீட்டு வழக்குத் தொடரலாம் என்று 56ஆம் பிரிவும் சொல்கின்றன. முந்நூறு ரூபாய் நைட்டிக்காக வேறு மாநிலத்தில் இருப்பவர்மேல் உரிமையியல் வழக்குத் தொடுப்பார் யாரும் இல்லையாதலால், இவ்விரு பிரிவுகளும் இவ்வணிகத்தைப் பொறுத்தவரை ஏட்டிலேயே இருக்கின்றன.

பெற்றுக்கொண்ட பின் நடக்கும் ஏமாற்று வேறு வகை. அதன் மென்மையான வடிவம், திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ ஒரு நாள் உடுத்திவிட்டு ‘அளவு சரியில்லை’ என்று திருப்பி அனுப்புவது. இதைச் செய்பவர்களில் பலர் தாம் குற்றம் செய்வதாகக் கருதுவதில்லை. தளமே ஏழு நாள், பத்து நாள் எனத் தவணை கொடுத்திருக்கும்போது அதைப் பயன்படுத்துவதில் என்ன தவறு என்பது அவர்கள் வாதம். சட்டம் அப்படிக் கருதவில்லை. விற்பவரின் உடைமை உரிமைக்கு முரணான செயல் எதையும் வாங்குபவர் செய்துவிட்டால் அவர் சரக்கை ஏற்றுக்கொண்டவர் ஆகிறார் என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு கூறுகிறது. போட்டுப் பார்ப்பது ஆய்வு, போட்டுக்கொண்டு பந்தியில் அமர்வது ஏற்பு. இதற்கு அடுத்த படி, புதியதை வைத்துக்கொண்டு அதே உறையில் பழையதை வைத்து அனுப்புவது. அதற்கும் மேற்பட்டது, பெட்டி காலியாக இருந்தது என்றோ மூன்றில் இரண்டுதான் வந்தன என்றோ கூறிப் பொருளையும் பணத்தையும் ஒருங்கே பெறுவது.

கடைசி வகை இந்தியாவில் காவல்துறைப் பதிவேடுகளில் ஏறியிருக்கிறது. 2017ஆம் ஆண்டில் தில்லியில் கைதான இளைஞர் ஒருவர், விலையுயர்ந்த 166 கைபேசிகளை அமேசானில் வாங்கி, ஒவ்வொரு முறையும் காலிப் பெட்டியே வந்ததாகக் கூறி, ஏறத்தாழ 50 லட்ச ரூபாய் ரீஃபண்ட் பெற்றதாகக் காவல்துறை தெரிவித்தது. 2024ஆம் ஆண்டில் மிந்த்ரா நிறுவனம் பெங்களூருவில் அளித்த புகார், அந்நகரில் மட்டும் சுமார் 1.1 கோடி ரூபாய் இழப்பு என்று கூறியது. பல பொருள்களை ஒரே கோரிக்கையில் வாங்கி, சில வரவில்லை, சில மாறி வந்தன என்று முறையிடுவதே அங்கு கையாளப்பட்ட உத்தி. அமெரிக்காவில் இது கூலிக்குச் செய்துதரும் தொழிலாகவே வளர்ந்துவிட்டது: வாங்கியவரிடம் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டு ரீஃபண்டை வாங்கித் தருவதாக டெலிகிராமில் இயங்கிய ‘ரெக்’ என்னும் குழுவின்மீது 2023 டிசம்பரில் அமேசான் வழக்குத் தொடர்ந்தது.

மூன்று நிகழ்வுகளிலும் சட்டத்தை நாடியது தளமே, விற்பனையாளர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. ஏமாற்றுதல் என்னும் குற்றம் முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவிலும், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவிலும் இடம்பெற்றுள்ளது. பொய் கூறி நம்பவைத்து ஒருவரிடமிருந்து பொருளையோ பணத்தையோ பெறுவது அதன் உள்ளடக்கம். தளத்தில் நடக்கும் விற்பனையில் பொய் சொல்லப்படுவது தளத்திடம், பணத்தை விடுவிப்பதும் தளம், ஆனால் தொகை கழிக்கப்படுவது விற்பனையாளரின் கணக்கிலிருந்து. ஏமாற்றப்பட்டவர் ஒருவர், இழந்தவர் வேறொருவர் என்ற இந்நிலையில், தளத்தின் சொந்தப் பணம் போகும்போது மட்டும் குற்ற வழக்கு எழுவதும், தளவாய்புரத்துத் தையல் கூடத்தின் பணம் போகும்போது அது ‘வணிகச் செலவு’ ஆகிவிடுவதும் வியப்பன்று.

இனி, இத்தகைய மோசடி எவ்வளவு பரவலானது என்னும் கேள்வி. அமெரிக்கச் சில்லறை வணிகர் கூட்டமைப்பு 2023ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட மதிப்பீட்டில், கடைகளிலும் இணையத்திலும் சேர்த்துத் திரும்பிய சரக்கின் மதிப்பு 74,300 கோடி டாலர், அதில் மோசடியானது 10,100 கோடி டாலர். இது வணிகர்களின் சொந்தக் கணக்கு என்பதால் சற்றே தாராளமாக இருக்கலாம்; அப்படியே ஏற்றாலும், திரும்பும் ஒவ்வொரு நூறு டாலரிலும் எண்பத்தாறுக்கு மேல் நேர்மையான திருப்புதலே. இந்த விகிதம் இந்தியாவுக்கும் பொருந்தும் என்று கொள்ள ஆதாரமில்லை. எனினும் ‘திருப்பி அனுப்புபவர் எல்லாம் திருடர்’ என்று விற்பனையாளர்கள் தமக்குள் பேசிக்கொள்வது கோபத்தின் வெளிப்பாடேயன்றிக் கணக்கின் முடிவன்று. படத்தில் அடர் சிவப்பாகத் தெரிந்த நைட்டி நேரில் சாயம் வெளுத்ததாக வருவதும், ‘எக்ஸ்எல்’ என்று ஒட்டியது ஒவ்வொரு தையல் கூடத்திலும் ஒவ்வோர் அளவாக இருப்பதும் இவ்வணிகத்தின் அன்றாட உண்மைகள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் இரு தரப்பாரிடமும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. இணையத்தில் வாங்கிய எதையும் காரணமின்றித் திருப்பும் உரிமை இந்தியச் சட்டத்தில் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020 ஜூலையில் வெளியான மின்வணிக விதிகள், சரக்கு பழுதானதாகவோ, குறையுள்ளதாகவோ, போலியாகவோ, விளம்பரப்படுத்திய தன்மை இல்லாததாகவோ, குறித்த காலத்துக்குப் பின் வந்ததாகவோ இருந்தால் விற்பனையாளர் அதைத் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்கின்றன. மனம் மாறியதற்கு அங்கே இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் அந்த இடத்தையும் கொடுத்திருக்கிறது: 2011ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை நெறிமுறைப்படி, தொலைவிலிருந்து வாங்கியவர் 14 நாள்களுக்குள் எக்காரணமும் கூறாமல் விலகிக்கொள்ளலாம். ஆனால் அதே நெறிமுறை, விரைவில் கெடும் பொருள்களுக்கும், உறை பிரித்தபின் உடல்நலக் காரணத்தால் மறுவிற்பனைக்கு ஆகாத பொருள்களுக்கும் அவ்வுரிமை இல்லை என்கிறது. சோதித்துப் பார்க்கத் தேவையானதற்கு மேல் பயன்படுத்தியிருந்தால் குறைந்த மதிப்புக்கு வாங்கியவரே பொறுப்பு என்கிறது. பொருளோ அனுப்பியதற்கான சான்றோ கைக்கு வரும்வரை பணத்தை நிறுத்திவைக்க விற்பவருக்கு அனுமதி தருகிறது. பால்கோவா, பேண்டேஜ், நைட்டி என்னும் மூன்றையும் முன்னால் வைத்துக்கொண்டு எழுதியது போன்ற விதிவிலக்குகள் இவை. உரிமையை விரிவாகக் கொடுத்த சட்டமே அதன் எல்லையையும் வரைந்திருக்கிறது. உரிமையைச் சட்டத்தால் கொடுக்காத இந்தியாவில், தளங்கள் போட்டிக்காகத் தாமே கொடுத்த திருப்புதலுக்கு எல்லை வரைய எவரும் இல்லை.

அந்தப் போட்டியின் செலவு எங்கே இறங்குகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் காணலாம். 300 ரூபாய்க்கு விற்கும் நைட்டியில் துணி, தையல், உறை, தளத்தின் கட்டணங்கள் போகத் தைப்பவருக்கு 30 ரூபாய் மிஞ்சுவதாகவும், ஒரு திருப்புதலுக்கு அனுப்பு கூலியும் மீட்சிக் கூலியுமாக 120 ரூபாய் பிடிக்கப்படுவதாகவும் கொண்டால், ஒரு நைட்டி திரும்பினால் நான்கு நைட்டிகளின் லாபம் போய்விடுகிறது. திரும்பியது கறைபட்டதாக இருந்தால் அதன் அடக்கவிலையும் கூடப் போகிறது. இக்கணக்கில் வாங்குபவர் நேர்மையானவரா இல்லையா என்பது இரண்டாம் கேள்வியாகிவிடுவதைக் காணலாம். இலவசத் திருப்புதல் என்று விளம்பரப்படுத்தியவர் ஒருவர், அதற்கான கூலியைச் செலுத்துபவர் மற்றொருவர் என்பதே முதற்கேள்வி. தளம் தன் கையிலிருந்து அக்கூலியைச் செலுத்த நேர்ந்தால், எந்த வாங்குபவர் எத்தனை முறை திருப்புகிறார் என்பதைத் தானே உற்றுப் பார்க்கத் தொடங்கும்.

பால்கோவா இக்கணக்கிலிருந்து பெரும்பாலும் தப்பிவிட்டது. அதை விற்பவர்கள் தம் சொந்த இணையப் பக்கம், வாட்ஸ்அப், கூரியர் என்று முன்பணம் பெற்றே அனுப்புவது வழக்கம். அங்கு எழும் தகராறு வேறு: கோடை வெயிலில் நான்கு நாள் வண்டியில் கிடந்து பூசணம் பிடித்தால் அது செய்தவரின் பிழையா, சுமந்தவரின் பிழையா, வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்தவரின் பிழையா என்பது. இணையவழி உணவு விற்பனையில் ஒப்படைக்கும்போது 30 விழுக்காடு அல்லது 45 நாள் ஆயுள் எஞ்சியிருக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் அறிவுறுத்தியது. 45 நாள் என்பது பிஸ்கட்டுக்குப் பொருந்தும், பாலில் கிண்டிய இனிப்புக்கு முதல் அளவுகோல் மட்டுமே கைகொடுக்கும்.

விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்கிவந்துள்ளது. இராஜபாளையத்து விற்பனையாளருக்குப் பேருந்தில் அரை மணி நேரத் தொலைவு. ஆயினும் நேர்மையற்ற வாங்குபவருக்கு எதிராக அவர் அங்கே முறையிட முடியாது, ஏனெனில் நுகர்வோர் என்ற சொல்லுக்குள் விற்பவர் அடங்குவதில்லை. எதிர்த்திசையிலோ, 2019ஆம் ஆண்டுச் சட்டம் முறையிடுபவர் வாழும் ஊரிலேயே வழக்குத் தொடர வகை செய்திருப்பதால், குவாஹாட்டியில் இருப்பவர் குவாஹாட்டியிலேயே முறையிடலாம். 5 லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. பெருநிறுவனத்துக்கு எதிரே தனி மனிதர் நிற்கும் காட்சியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நல்ல ஏற்பாடு இது. இரண்டு தையல் எந்திரம் வைத்திருக்கும் குடும்பமும் இச்சட்டத்தின் கண்ணில் அதே ‘விற்பனையாளர்’தான் என்பது மட்டும் அதில் விடுபட்டுப்போயிற்று. தளத்தின்மேல் வழக்குத் தொடரலாமெனில், ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தளத்தின் தலைமையிடமுள்ள பெருநகர நீதிமன்றத்தையோ நடுவர் மன்றத்தையோ குறிப்பிட்டிருக்கும்.

இதே வட்டாரத்தின் மொத்த வணிகத்தை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். சத்திரப்பட்டியின் சிறு நெசவுக்கூடம் ஒரு மருந்துப்பொருள் மொத்த வணிகருக்குப் பேண்டேஜ் துணி அனுப்பினால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் அதற்குத் துணை நிற்கிறது: 15 நாள்களுக்குள் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் சரக்கு ஏற்கப்பட்டதாகவே கருதப்படும், 45 நாள்களுக்கு மேல் பணம் தாமதித்தால் வங்கி விகிதத்தின் மும்மடங்கு கூட்டு வட்டி சேரும். தளங்கள் தாம் எதையும் வாங்குவதில்லை என்னும் சட்ட நிலையில் நிற்பதால், தளம் நிறுத்திவைத்த பணத்துக்கு இப்பாதுகாப்பைக் கோருவது கடினம்.

வாங்குபவரின் நடத்தை எவருக்கும் தெரியாமலிருப்பதும் ஏமாற்றுக்கு இடம் தருகிறது. பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970ஆம் ஆண்டின் புகழ்பெற்ற கட்டுரையில், பழைய கார் சந்தையில் சரக்கின் தரத்தை விற்பவர் மட்டுமே அறிவதால் நல்ல சரக்கு சந்தையைவிட்டு விலகிவிடும் என்று காட்டினார். திருப்புதல் வணிகத்தில் மறைந்திருப்பது வாங்குபவரின் தரம். விலகிச் செல்பவர் குறைந்த லாபத்தில் நேர்மையாக விற்பவர். ஈபே தளத்தில் தொடக்கத்தில் இரு தரப்பாரும் ஒருவரையொருவர் மதிப்பிட முடிந்தது. குறை கூறிய வாங்குபவர்களை விற்பனையாளர்கள் பழிவாங்கியதால், 2008ஆம் ஆண்டில் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு இடும் உரிமையை அத்தளம் விற்பனையாளரிடமிருந்து நீக்கிவிட்டது. இந்திய விதிகளும் சில சட்டங்களின்கீழ் நீக்கப்பட்ட பொருள்களை மீண்டும் மீண்டும் விற்கும் விற்பனையாளர்களுக்குப் பதிவேடு வைக்கச் சொல்கின்றன. வாங்குபவர்களுக்கு அப்படியொன்று இல்லை. இவ்வெற்றிடத்தை நிரப்ப விற்பனையாளர் சிலர் வாட்ஸ்அப் குழுக்களில் ‘ஏமாற்றும் வாடிக்கையாளர்’ என்று பெயர், எண், முகவரிகளைப் பகிர்ந்துகொள்வது ஆபத்தானது. நம்பிக் கொடுத்த தனிப்பட்ட விவரத்தைப் பிறருக்கு வெளியிடுவது 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் நேர்மையற்ற வணிகச் செயல். ஒரு தவறான பெயர் அப்பட்டியலில் ஏறிவிட்டால் அதை நீக்க வழியும் இல்லை.

சான்றுக்காகப் பொட்டலம் கட்டுவதைக் காணொளியாகப் பதிவுசெய்யும் வழக்கம் பரவியிருக்கிறது. பயனுள்ளதே, எனினும் அது நீதிமன்றத்தில் நிற்க, பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு கோரும் சான்றிதழ் உடன் இருக்க வேண்டும், அனுப்பியது எது என்பதை மட்டுமே அது காட்டும், திரும்பி வந்தது எது என்பதைக் காட்டாது. மறுபுறம், பிரிக்கும் காணொளி இல்லையேல் ரீஃபண்ட் இல்லை என்று விற்பனையாளர் அச்சிட்டு ஒட்டும் அறிவிப்பு, பழுதான சரக்கைத் திரும்பப் பெறும் கடமையை நீக்கிவிடாது. வேறு வகையில் பழுதை மெய்ப்பிக்கும் வாங்குபவரை இந்த அறிவிப்பைக் காட்டித் திருப்பி அனுப்ப இயலாது.

இருவரும் எடுக்கும் காணொளிகளைவிட எளிய சான்று ஒன்று ஏற்கெனவே உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது. அனுப்பு கூலி எடையின்மேல் அமைவதால், பொட்டலம் புறப்பட்டபின் கூரியர் கிடங்கில் நிறுக்கப்படுகிறது. அறிவித்ததைவிடக் கூடுதலாக இருந்தால் வேறுபாட்டுத் தொகை விற்பனையாளரிடம் பிடிக்கப்படுவதும் உண்டு. திரும்பும் பொட்டலத்தையும் வாசலிலேயே பிரித்துப் பார்த்து, நிறுத்து, இரு எடைகளையும் படத்தையும் ரீஃபண்டுக்கு முன் விற்பனையாளருக்குக் காட்ட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதிகளில் தளத்தின் கடமைகளோடு சேர்த்தால், காலிப் பெட்டியும் மாற்றிய சரக்கும் பெருமளவு அங்கேயே பிடிபடும். ஒரு நாள் உடுத்தித் திருப்பிய நைட்டி அப்போதும் தப்பும், ஏனெனில் உடுத்தியதால் அதன் எடை மாறுவதில்லை. அதற்கு ஐரோப்பிய நெறிமுறையைப் போல மதிப்புக் குறைவை வாங்கியவர் கணக்கில் கழிக்கும் விதிதான் வேண்டும்.